மேசை உன்னிடம்தான் வர வேண்டும்

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. மூணாறில் மழை இன்னும் விடவில்லை. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நாங்கள் போடி வீட்டுக்கு இறங்குவதற்குள் தாத்தாவின் சாப்பாட்டு மேசையை விற்றுவிடலாம், ஃபிளாட்டில் அதற்கு எங்கே இடம் என்று போனில் கேட்டாய். இதைப் போனில் பேசி முடிக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பார்த்ததெல்லாம் பண்டிகைக்கு விரித்துப் போட்ட மேசை. நடுப்பலகை மூன்றையும் எடுத்துவிட்டால் அது நாலு பேர் சாப்பிடுகிற அளவுதான். வேண்டும்போது நீளவும், வேண்டாதபோது ஒடுங்கவும்தானே அப்படிச் செய்தார்கள்! 1800-லேயே ரிச்சர்ட் கில்லோ என்பவர் இங்கிலாந்தில், கால்களின் எண்ணிக்கையைக் குறைத்து, சட்டங்கள் நகர்ந்து நீளும் மேசைக்குக் காப்புரிமை வாங்கினார். கைப்பிடி போட்டுச் சுற்றும் திருகு பிறகு விக்டோரியா ராணி காலத்தில் பரவியது. நம்முடையது அந்தத் திருகு வகை.

மேசை மகாகனி மரத்தில் செய்தது. மகாகனி ஜமைக்கா, கியூபா, ஹோண்டுராஸ் பக்கத்து மரம். 1721-ல் இங்கிலாந்து தன் குடியேற்ற நாட்டு மரங்களுக்குத் தீர்வையை எடுத்துவிட, கப்பல் கப்பலாகப் போனது. அந்தக் காலத்தில் காட்டில் அதை வெட்டிச் சாய்த்தவர்கள் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்கள். கங்காணி காலத்துக் கதை கேட்டு வளர்ந்த எனக்கு அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மேலே பூசியிருக்கும் பாலிஷோ அரக்கு. அது நம் நாட்டு மரங்களில் பூச்சி வைப்பது.

1924 வெள்ளம் அடித்துப் போகும்வரை இங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சின்ன ரயில் ஓடியது. அங்கிருந்து மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு ரோப்வே. மேசையைப் பிரித்துக் கட்டி அந்த வழியில்தான் ஏற்றினார்கள் என்று தாத்தா சொல்வார். அவர் எஸ்டேட்டில் தச்சு வேலை பார்த்தவர். பங்களாவைக் காலி செய்தபோது திருகு இறுகிக் கிடந்த மேசையைக் கூலிக்குப் பதிலாக வாங்கினார். அடியில் மல்லாந்து படுத்து, மண்ணெண்ணெய் விட்டு விட்டு, துருவைச் சுரண்டியே அதைச் சுற்ற வைத்தார். குனிந்து பார், பலகை விளிம்பில் உளியால் ஒன்று, இரண்டு, மூன்று கோடு கீறியிருக்கும். அந்த வரிசையில் போட்டால்தான் முளைகள் துளையில் இறங்கும்.

கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி முதலில் பலகைகளைத்தான் எண்ணினார். பலகை தொலைந்த மேசைக்குப் பாதி மதிப்பும் இல்லையாம். வெயில் பட்ட மேல்பலகை வெளுத்திருக்கிறது, அலமாரியில் இருந்த மூன்றும் இன்னும் செக்கச்செவேல் என்று இருக்கின்றன. நிறம் சேரட்டும் என்று யாரையும் சுரண்ட விடாதே. எனக்கு அந்த நிறமே பிடிக்கும்.

சூடான பாத்திரத்தை நேராக வைக்காதே, அரக்கு வெள்ளை பூத்துவிடும். ஸ்பிரிட் பட்டால் கரைந்தே போகும். பலகைகளைச் சுவரில் சாய்க்காமல் படுக்கப் போடு, இல்லாவிட்டால் வளைந்துவிடும். சட்டங்களுக்கு மெழுகு, திருகுக்குத் தையல் மிஷின் எண்ணெய், அவ்வளவுதான். மழைக்காலத்தில் மரம் ஊதி இறுகினால் கைப்பிடியைப் பலமாகத் திருப்பாதே. காய விடு.

வாசல் கதவு அகலத்தையும் லிஃப்ட் உயரத்தையும் அளந்து அப்பாவுக்குச் சொல்லிவிடு. கால்களைக் கழற்றிச் சாக்கு சுற்றி லாரியில் ஏற்றிவிடுவோம். கைப்பிடி மட்டும் தனியாக என் பையில் வரும்.

அன்புடன்,
அம்மா