வேலூர் பக்கம் கார் ஆடியோ ஃபிட்டிங் செய்யும் அண்ணன்களுக்கு

அண்ணன்களே, காட்பாடியில் இருந்து ஆம்பூர் வரைக்கும் செட் மாட்டிக் கொடுக்கும் உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். எதையும் மாற்றும் முன், வோல்ட்டும் கரன்ட்டும் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்.

என் வண்டியில் ஆம்ப், அதாவது ஸ்பீக்கருக்குச் சத்தம் ஏற்றிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர், போட்ட நாளில் இருந்து ஸ்பீக்கரில் கொய்ய்ங் என்று ஓர் இரைச்சல், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறும். போட்ட கடையிலேயே முதலில் ஸ்பீக்கரை மாற்றச் சொன்னார்கள், அப்புறம் ஆம்பையே மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், பதினோராயிரம் போனது, இரைச்சல் மட்டும் போகவில்லை. கடைசியில் என் மச்சான் பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தால், ஆம்பின் நெகட்டிவை வண்டி பாடியோடு சேர்க்கும் எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே சீட் போல்ட்டில் முறுக்கி வைத்திருக்கிறார்கள். பெயின்ட்டைச் சுரண்டி, வயர் முனையில் லக் என்கிற உலோக வளையத்தை அடித்து இறுக்கினோம். அவ்வளவுதான், சத்தம் நின்றது.

இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் சத்தம் ஆல்டர்னேட்டரில் இருந்து வருவது, பெரும்பாலும் எர்த் சரியில்லாததால் உள்ளே நுழைவது. இது எனக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். பாட்டைச் சத்தமாக வைத்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஆம்பின் எர்த்திலும் வைத்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடுமே! நல்ல எர்த் என்றால் 0.1, 0.2 வோல்ட்டைத் தாண்டாது. அரை வோல்ட் காட்டினால் கோளாறு அங்கேதான்.

காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது என்று வருகிறவரிடம் எடுத்த எடுப்பில் புது பேட்டரி வாங்கச் சொல்லாதீர்கள். சில வண்டிகளில், செட் ஆன் ஆகும்போது ஆம்பையும் ஆன் செய்யும் ரிமோட் வயரை, சாவியை எடுத்தாலும் நிற்காத கரன்ட் லைனில் யாரோ முறுக்கியிருப்பார்கள், ஆம்ப் இரவெல்லாம் அணையாமல் கிடந்திருக்கும். சாவியை எடுத்து, வண்டி அடங்கின பிறகும் பேட்டரியில் இருந்து 50 மில்லி ஆம்பியருக்கு மேல் கரன்ட் இழுத்தால் ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது மீட்டரில் அளவு இறங்குகிறதோ அந்த லைனில்தான் கோளாறு.

ஃப்யூஸ் விஷயத்தில் மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். ஆம்புக்குப் போகும் பவர் வயரில் பேட்டரியில் இருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும், ஆம்ப் பக்கத்தில் மட்டும் போட்டால் நடுவில் வயர் தகரத்தில் உரசி ஷார்ட் ஆகும்போது தடுக்க எதுவுமே இல்லை. நம் ஊர் மே மாத வெயிலில் பானட்டுக்குள் இருக்கிற சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை, வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வாஷர் இல்லாமல் விட்ட வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். போன ஃப்யூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றுவதை இன்றோடு விடுங்கள், பின்னால் குழந்தைகள் உட்கார்ந்து வருகிறார்கள்.

மீட்டர் வைக்க நேரம் ஆகும், அதற்கு யார் காசு தருவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். செக் செய்வதற்கென்று தனியாக 300 ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள், மீட்டரில் வந்த அளவை பில்லிலேயே எழுதிக் கொடுங்கள், நாங்கள் தருகிறோம்.