உஷப்தி வாங்கத் துடிக்கும் நண்பனுக்கு

அன்புள்ள சேது,

உன் பொங்கல் வாழ்த்துக்குக்கூடப் பதில் போடாதவன் இப்போது அவசரமாக எழுதுகிறேன் என்றால், நீ அனுப்பிய ஏலப் படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை என்பதுதான் காரணம். இங்கே அனைவரும் நலம். பட்டாளத்தார் உன்னை விசாரித்தார். நீ எகிப்தியப் பொம்மை வாங்கப் போகிறாய் என்றதும் அவர் சிரித்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர இயலாது.

இறந்தவருக்குப் பதிலாக மறுமையில் வயல்வேலை செய்யவென்று பண்டைய எகிப்தில் கல்லறையில் வைக்கப்பட்ட சிறு மனித உருவப் பொம்மைதான் உஷப்தி. ஆகவே சாதாரண மனிதருடைய உஷப்தியின் கைகளில் மண்வெட்டியும் தோளில் விதைப்பையும் காணப்படும். உன்னுடையதோ வளைகோலையும் சாட்டையையும் மார்பில் ஏந்தி நிற்கிறது, அவை அரசருக்குரியவை. எந்த அரசருடையது என்று விற்பவர் சொல்லவில்லை, கேட்கும் விலையும் அரசருக்கு உரியதாக இல்லை. எகிப்திய அரசர் துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த 413 உஷப்திகளில் ஏதோ ஒன்றின் படத்தைப் பார்த்து வார்த்திருக்கிறார்கள். பொம்மைமேல் உள்ள எகிப்தியப் பட எழுத்தையும் கவனி: இறந்தவரின் பெயரும், பல வேளைகளில் தாயின் பெயரும் வரவேண்டிய இடத்தில், ஆந்தையும் நாணலும் அலைக்கோடும் திரும்பத் திரும்ப வருகின்றனவே தவிர, ஒரு பெயர்கூட உருவாகவில்லை. பாதத்தில் சில்லு பெயர்ந்த இடம் எல்லாவற்றையும் விட மோசம். இத்தகைய உஷப்திகள் பல ஃபையன்ஸால் ஆனவை, அது களிமண்ணன்று. குவார்ட்ஸ் என்னும் படிகக் கல்லை அரைத்துக் காரமும் சிறிது சுண்ணாம்பும் சேர்த்துச் சுட்டது, உடைந்தால் உள்ளே பெரும்பாலும் வெளிறி, சர்க்கரைக் கட்டிபோல் பொருபொருவென்றிருக்கும். உன் படத்தில் செங்கல் நிறம் தெரிகிறது.

“இங்கிலாந்துப் பிரபுவின் பழைய சேகரிப்பு என்பதற்குத் தாள் இருக்கிறது” என்று நீ வாதிடுவாய். இங்கிலாந்தின் போல்டன் அருங்காட்சியகமும் அப்படித்தான் நம்பியது. 2003-இல் அது ஏறத்தாழ 4,40,000 பவுண்டு கொடுத்து வாங்கிய ‘அமர்னா இளவரசி’ என்ற பண்டைய எகிப்தியப் பாணிச் சிலை, ஷான் கிரீன்ஹால் என்பவர் தம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் செதுக்கியது. அவர் குடும்பத்தாரிடம் 1892-ஆம் ஆண்டின் ஏலப் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் எகிப்திய உருவங்கள் என்று பொதுப்படையாக இருந்த குறிப்புக்கு ஏற்பச் சிலை பிறந்தது. பட்டியல் மெய், சிலைதான் பொய். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து வல்லுநர்களே அதை ஏற்றுக்கொண்டார்கள். பின்னர் அக்குடும்பம் விற்க முயன்ற அசீரியப் புடைப்புச் சிற்பங்களில், அந்நாட்டுப் பண்டை எழுத்தான ஆப்பெழுத்தில் பிழைகள் இருந்ததால்தான் எல்லாம் வெளிவந்து, 2007-இல் அவர் சிறை சென்றார்.

ஒருவேளை உன் பொம்மை அசலாகவே இருந்தால் எனக்கு இன்னும் பெரிய கவலை. 1983-ஆம் ஆண்டின் 117-ஆம் எண் சட்டத்தால் எகிப்து தொல்பொருள் வணிகத்தையே தடைசெய்துவிட்டது. அதற்கு முன்பே நாட்டைவிட்டு வெளியேறியதற்குச் சான்றில்லையென்றால், யாரோ ஒருவருடைய கல்லறையைத் தோண்டியவனுக்கு உன் ஓய்வூதியத்திலிருந்து கூலி போகும். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை, சேது.

ஏலம் வெள்ளிக்கிழமை முடிகிறது என்றாய். அதற்குள் முதுகுப்புறப் படத்தையும், பாதத்தின் நெருக்கமான படத்தையும், பிரபுவின் பெயரும் ஆண்டும் உள்ள விற்பனைச் சீட்டையும் கேள். வராவிட்டால் விலை சொல்லாதே. விற்பவர் என்ன சாக்குச் சொன்னாலும் ஒரு வரி விடாமல் எனக்கு அனுப்பு. அதைப் படிக்க உன்னைவிட எனக்குத்தான் ஆவல் அதிகம்.

அன்புடன்,
மணி