டிரைவர் சீட்: பஸ் பாடி கட்டுவோருக்கும் பஸ் வாங்குவோருக்கும் ஒரு திறந்த மடல்

கரூரிலும் மற்ற ஊர்களிலும் பஸ் பாடி கட்டும் பட்டறை உரிமையாளர்களுக்கும், ஆர்டர் கொடுக்கும் பஸ் முதலாளிகளுக்கும், போக்குவரத்துக் கழகங்களின் தொழில்நுட்ப அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பாடி ஆர்டரில் பயணிகள் சீட்டுக்குப் பல வரிகள் இருக்கும். எத்தனை சீட், எவ்வளவு இடைவெளி, புஷ்பேக் வேண்டுமா, துணி என்ன நிறம் என்று எல்லாம் பேசி முடிப்பீர்கள். டிரைவர் சீட் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: ‘டிரைவர் சீட் – 1’. பயணி இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கிவிடுவார். ஓட்டுநர் அதே வண்டியில் எட்டு மணி நேரம் உட்கார வேண்டும், அதுவும் கிளட்சை மிதித்துக்கொண்டே. அந்த ஒரு வரியைப் பத்து வரியாக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அந்தப் பத்து வரியில் என்ன எழுதலாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஓட்டுநருக்கு முதுகுவலி என்றால் ரோட்டைக் குறை சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ரோடு ஒரு காரணம்தான், முழுக் காரணம் இல்லை. உட்கார்ந்திருக்கும் மனிதரின் முதுகுத்தண்டு, நொடிக்கு 4 முதல் 6 தடவை மேலும் கீழும் ஆடும் அதிர்வில்தான் மிக மோசமாகக் குலுங்குகிறது. உடம்பில் இறங்கும் அதிர்வை அளப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 2631 தரமும், மேல்கீழ் ஆட்டத்தில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 4 முதல் 8 ஆட்டம்) வரைக்குத்தான் அதிக மதிப்புக் கொடுத்துக் கணக்கிடுகிறது. இப்போது பிளைவுட் பலகைமேல் ஃபோம் ஒட்டி ரெக்ஸின் போர்த்திய சாதா சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் உட்கார்ந்ததும் அதன் இயல்பான ஆட்டமும் (அமுக்கி விட்டால் தானாக ஆடும் வேகம்) ஏறத்தாழ 4 ஹெர்ட்ஸில்தான் நிற்கும். தரையிலிருந்து அந்த வேகத்தில் வரும் ஆட்டத்தை அந்தச் சீட் குறைக்காது, கூட்டித்தான் மேலே அனுப்பும். மெத்தென்று இருந்தால் நல்ல சீட் என்ற நம்பிக்கை தவறிப்போகும் இடம் இதுதான்.

கத்திரிக்கோல் போல மடங்கி விரியும் ஸ்பிரிங் சீட்டும் காற்றில் நிற்கும் ஏர் சீட்டும் வேறு வகை. இரண்டையும் சேர்த்து சஸ்பென்ஷன் சீட் என்பார்கள். அவற்றின் இயல்பான ஆட்டம் 1 முதல் 2 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ஒரு ஸ்பிரிங் தன் இயல்பான ஆட்டத்தைவிட ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் வேகமான அதிர்வைத்தான் குறைக்கும். அதனால் முதுகுக்கு ஆகாத 4 ஹெர்ட்ஸ் அவற்றிடம் அடங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டு உத்தரவில், எட்டு மணி நேர வேலைக்கு உடம்பில் ஏறும் அதிர்வு 0.5 மீ/வி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15 தாண்டவே கூடாது என்று வரம்பு வைத்தது. சீட்டின்மேல் வைக்கும் சென்சார் தட்டு ஒன்றையும் தரையில் இன்னொரு சென்சாரையும் வைத்து, வழக்கமான ரூட்டில் ஒரு ட்ரிப் ஓட்டினால் உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். தரையில் வந்ததைவிடச் சீட்டின்மேல் அதிகமாக வந்தால் அந்தச் சீட்டால் பயன் இல்லை. விலை எவ்வளவு என்பது அதற்குப் பிறகு பேச வேண்டியது.

சஸ்பென்ஷன் சீட் வாங்கிப் போட்ட வண்டிகளிலும் முதுகுவலி தீராததுண்டு. உடனே ‘சீட் சரியில்லை’ என்ற பேச்சு வரும். பெரும்பாலும் சீட் சரியாகத்தான் இருக்கும். பொருத்தியதில்தான் கோளாறு.

முதலில் உயரம். சாதா சீட்டுக்காக ஆங்கிளும் பாக்ஸ் பைப்பும் வைத்து வெல்டிங் செய்த ஸ்டாண்டு அப்படியே இருக்க, அதன்மேல் சஸ்பென்ஷன் சீட்டைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். சஸ்பென்ஷனுக்கென்று தனி உயரம் உண்டு. ஸ்டாண்டை அந்த அளவுக்கு வெட்டிக் குறைக்காவிட்டால் ஓட்டுநரின் கால் தரையில் பதியாது, தொடை ஸ்டியரிங்கில் இடிக்கும். அவர் வேறு வழியில்லாமல் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு ஓட்டுவார். கீழே இறங்க இடமே இல்லாத சஸ்பென்ஷன் ஒவ்வொரு பள்ளத்திலும் அடி ரப்பரில் போய் ‘டங்’ என்று மோதும். அந்த ஒரு மோதல் சாதா சீட்டின் குலுக்கலைவிட மோசம். ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் சஸ்பென்ஷன் நடு மட்டத்தில் நிற்க வேண்டும், மேலேயும் கீழேயும் நகர ஏறத்தாழ சம இடம் இருக்க வேண்டும். அந்த நிலையில் குதிகால் தரையில் பதிகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்டாண்டின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது நேர்கோடு. முன்பக்க இஞ்சின் வண்டியில் இஞ்சினை மூடும் பானட் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் சீட் வலப்பக்கம் ஒதுங்கிவிடும். ஸ்டியரிங் ஒரு கோட்டில், சீட்டின் நடு இன்னொரு கோட்டில், கிளட்ச் அதற்கும் இடப்பக்கம். ஓட்டுநரின் இடுப்பு நாள் முழுக்க முறுக்கியபடியே இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த சீட்டாக இருந்தாலும் இந்த முறுக்கலைச் சரிசெய்யாது. பார்ப்பதற்கு ஒரு தூக்குக் குண்டும் சாக்பீஸும் போதும். ஸ்டியரிங் வீலின் மையத்திலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, தரையில் புள்ளி வைத்து, வண்டியின் நீளவாக்கில் பின்னோக்கி ஒரு கோடு போடுங்கள். சீட் முன்பின் நகரும் ரெயில்களின் நடு அந்தக் கோட்டிலிருந்து 20 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது என்று ஆர்டரிலேயே எழுதிவிடலாம். விலகினால் ரெயிலுக்குப் புது ஓட்டை போட வேண்டும், சீட்டைச் சாய்த்துப் பொருத்தக் கூடாது.

சீட்டைத் தரைத் தகட்டில் நேராக வெல்டிங் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 8.8 கிரேடுக்குக் குறையாத போல்ட், தரைக்கு அடியில் தாங்கு தகடு, லாக் நட் என்று இருந்தால்தான் நாளைக்கு ரெயிலையோ மூட்டுகளில் இருக்கும் புஷ்ஷையோ கழற்றி மாற்ற முடியும். சீட் பெல்ட்டின் பிடிமானம் எங்கே இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சொன்னாரோ அதை நகர்த்த வேண்டாம்.

ஏர் சீட் போடுகிறீர்கள் என்றால் காற்றை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பக்கத்தில் இருக்கிறதே என்று பிரேக் டேங்க் லைனில் ‘T’ வடிவ இணைப்புப் போட்டு எடுப்பவர்கள் உண்டு. சீட் குழாய் ஓட்டையானால் பிரேக் காற்றும் கூடவே இறங்கும். ஒரு பாதையில் கசிந்தாலும் மற்றப் பாதைகளின் காற்றைக் காக்கும் நாலு சர்க்யூட் பாதுகாப்பு வால்வுக்குப் பிறகு வரும் துணைக் கருவி லைனிலிருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும்.

ஸ்பிரிங் சீட்டில் எடை வைக்கும் குமிழ் ஒன்று இருக்கும். பெரும்பாலும் 50 முதல் 130 கிலோ வரை எண் போட்டிருக்கும். ஷிப்டு மாறும்போது அதை யாரும் திருப்புவதில்லை. காலையில் 95 கிலோ ஆள் வைத்த அளவில் மாலையில் 60 கிலோ ஆள் உட்கார்ந்தால், சீட் மேல்மட்டத்தில் போய் நின்றுகொண்டு குதிரைச் சவாரியாகிவிடும். மாற்றி உட்கார்ந்தாலோ அடி மோதும். இது ஓட்டுநரின் அலட்சியம் இல்லை. அந்தக் குமிழ் எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், அல்லது அது தூசி ஏறி இறுகிப் போயிருக்கும். குமிழுக்குப் பக்கத்தில் ‘உங்கள் எடையை இங்கே வையுங்கள்’ என்று தமிழில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒரே வண்டியைப் பலர் ஓட்டும் இடத்தில், ஆளுக்குத் தக்கபடி தானே மட்டம் பிடிக்கும் ஏர் சீட் போடுவது கூடுதல் செலவுக்குத் தகும் என்பது எங்கள் கருத்து.

இனி ஃபோம். உழைத்து ஓய்ந்த டிரைவர் சீட் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். ஓரங்களில் ஃபோம் நன்றாகவே இருக்கும். உட்காரும் எலும்பு இரண்டும் அழுந்தும் இடத்தில் மட்டும் மஞ்சளாகி, விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். அதற்கு நேர் கீழே பிளைவுட் வழவழவென்று தேய்ந்திருக்கும். ரெக்ஸின் கிழியாத வரை வெளியிலிருந்து எதுவும் தெரியாது. அதனால்தான் ரெக்ஸினை மட்டும் மாற்றி ‘சீட் புதுசு’ என்று அனுப்பிவிட முடிகிறது. சோதிக்க எளிய வழி உண்டு: சீட்டின் நடுவில் முழங்காலை ஊன்றி முழு எடையையும் போடுங்கள். பலகை தட்டுப்பட்டால் ஃபோம் செத்துவிட்டது. சாதா சீட்டுக்கு 50 டென்சிட்டிக்கு (கன மீட்டருக்கு 50 கிலோ) குறையாத, அச்சில் வார்த்த எச்.ஆர். ஃபோம் (அமுங்கினால் நன்றாக மீளும் வகை), 80 முதல் 100 மி.மீ. கனத்தில் கேளுங்கள். சஸ்பென்ஷன் சீட்டுக்கு அதைவிடக் குறைந்த கனமே போதும், அங்கே அதிர்வை வாங்கும் வேலை ஸ்பிரிங்குடையது. முன் விளிம்பு கீழ்நோக்கி உருண்டு இறங்க வேண்டும். நேராக வெட்டிய விளிம்பு தொடையின் அடியில் அழுத்திக் காலை மரத்துப்போகச் செய்யும். முட்டியின் பின்மடிப்புக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும் இடம் வேண்டும்.

சீட் சரியில்லாத வண்டியில் ஓட்டுநர்கள் தாங்களே வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டிலிருந்து தலையணை கொண்டுவந்து போட்டால் உயரம் கூடி, முட்டி மேலேறி, தலை முன்கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டிவிடும், அவர் குனிந்து ரோட்டைப் பார்ப்பார். பிரேக் பிடிக்கும்போது தலையணை நழுவுவது தனி ஆபத்து. மரமணி விரிப்பு வியர்வைக்கு நல்லது, அதிர்வுக்கு ஒன்றும் செய்யாது. முதுகுக்குப் பின்னால் துண்டை உருட்டி வைப்பது மட்டும் சரியான யோசனை. ஆனால் வைக்கும் இடம் பேன்ட் பெல்ட் கட்டும் மட்டமாக இருக்க வேண்டும், நடுமுதுகு கூடாது. அழுந்திய பிறகு கனம் 3 முதல் 4 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பிட்டம் முன்னால் தள்ளப்பட்டு, இடுப்புக்கு அடியில் எதுவும் தாங்காமல் போகும். உருண்டையின் இரு முனையிலும் நாடா கட்டிச் சாய்மானத்தோடு இறுக்கிவிட்டால் நழுவாது. பின் பாக்கெட்டில் பர்ஸோடு உட்கார்ந்தால் இடுப்பெலும்பு ஒருபக்கம் சாய்ந்தே இருக்கும். அதை எடுத்து வைக்க டேஷ்போர்டில் பூட்டுள்ள சின்னப் பெட்டி ஒன்று கொடுக்கலாம்.

ஓட்டுநர் சீட்டை வைத்துக்கொள்ளும் வரிசையையும் டிப்போவில் சொல்லித் தர வேண்டும். பிட்டம் சாய்மானத்தை ஒட்டும்வரை உள்ளே தள்ளி உட்கார்ந்து, முதலில் உயரம், பிறகு முன்பின். கிளட்சை அடிவரை மிதித்த நிலையிலும் முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும், இடுப்பு சீட்டைவிட்டு நழுவக் கூடாது. அப்புறம் சாய்மானம், 100 முதல் 110 டிகிரி. தோள் சாய்மானத்தில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்வளையத்தில் படிய வேண்டும். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிகளைக் கடைசியாக, நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் திருப்ப வேண்டும். ட்ரிப்பின் நடுவில் கண்ணாடியில் பின்பக்கம் சரியாகத் தெரியவில்லை என்றால் கண்ணாடியைத் தொட வேண்டாம், உடம்புதான் சரிந்திருக்கிறது.

பராமரிப்பு அட்டவணையில் டிரைவர் சீட்டையும் சேருங்கள். ரெயிலில் கிரீஸ் அப்பினால் தூசி கலந்து களியாகி லிவர் பிடித்துக்கொள்ளும். துடைத்துவிட்டு கிராஃபைட் பொடியோ உலர் ஸ்ப்ரேயோ போட்டால் போதும். சீட்டை அமுக்கி விடும்போது ஒன்றிரண்டு ஆட்டத்துக்கு மேல் ஆடினாலோ, ஆட்டத்தை அடக்கும் டேம்பரின் உடலில் எண்ணெய்க் கோடு தெரிந்தாலோ டேம்பரை மாற்றுங்கள். பக்கவாட்டில் பிடித்து ஆட்டி, ‘கடகட’ என்று தளர்வு தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. இவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியவை, எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வரும்வரை காத்திருக்கக் கூடாது.

நல்ல சீட் போட்டுவிட்டால் ஓய்வு தேவையில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்று 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. வலி பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ அவரை மருத்துவரிடம் அனுப்புங்கள். அதோடு சிறுநீர், மலம் அடங்காமலோ கழிக்க முடியாமலோ போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயமாகிவிட்டது. ஓட்டுநர் உட்காரும் இடம் வேலை செய்யும் இடம் என்பதை அரசே ஏற்றுக்கொண்டதாகத்தான் அதை நாங்கள் பார்க்கிறோம். சீட்டுக்கு நீங்கள் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. டெலிவரிக்கு முன் 155, 168, 180 செ.மீ. உயரமுள்ள மூன்று ஓட்டுநர்களை உட்காரவைத்து, மூவருக்கும் கால், ஸ்டியரிங், கண்ணாடி மூன்றும் எட்டினால்தான் வண்டியை வாங்குவோம் என்று முதலாளிகள் ஆர்டரில் ஒரு நிபந்தனை போடலாம். பட்டறையார் அந்தச் சோதனையைத் தரைப் பலகை அடிப்பதற்கு முன்பே, ஸ்டாண்டைப் புள்ளி வெல்டிங்கில் மட்டும் நிறுத்திவைத்துச் செய்துவிடுங்கள். அப்போது மாற்ற வேண்டியிருந்தால் ஒரு மணி நேர வேலைதான். தரை மூடிய பிறகு என்றால் பலகை, ரப்பர் மேட், ஸ்டாண்டு எல்லாவற்றையும் அறுத்தெடுக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
சீட் வேலையும் பணிமனை வேலையும் அறிந்த தொழிலாளர்கள்