ராத்திரி சத்தத்துக்கு போன் பண்ற நம்ம கஸ்டமர்களுக்கு

வணக்கம்ங்க,

நம்மளது பிளம்பிங், எலக்ட்ரிக்கல் கடைதான், பேய் ஓட்டுற கடை இல்லன்னு வாசல்ல போர்டு வைக்கணும் போல இருக்கு. "தம்பி, ராத்திரியானா வீட்ல என்னமோ சத்தம் வருதுப்பா, வந்து பாரு"ன்னு போன் வரும், நம்ம பையன் காலைல பதினோரு மணிக்கு டூல்ஸ் பையோட போய் நிப்பான், வீடு கம்முனு இருக்கும், அவன் ரெண்டு தட்டு தட்டி பாத்துட்டு வந்துருவான், அன்னிக்கு ராத்திரியே மறுபடி போன் வரும். உங்களுக்கும் காசு தண்டம், எங்களுக்கும் அலைச்சல். அதனால இனிமே சத்தம் கம்ப்ளைண்டுன்னா போன்லயே நாலு கேள்வி கேட்டுட்டு, சத்தம் வர்ற நேரத்துக்கே ஆள் அனுப்புறதா முடிவு பண்ணிருக்கோம். "என்னடா இவ்ளோ கேள்வி கேக்குறானுங்க"ன்னு சில பேர் கோவப்படுறீங்க, அதுக்குத்தான் இந்த மடல்.

முதல் கேள்வி "எப்ப வருது". எங்க வருதுன்னு நாங்க கேக்கவே மாட்டோம், ஏன்னா அதுல உங்க காதும் ஏமாறும் எங்க காதும் ஏமாறும். சத்தம் காத்துல விநாடிக்கு 340 மீட்டர்தான் போகும், அதே தண்ணில 1,480 மீட்டர், இரும்புல கிட்டத்தட்ட 5,000 மீட்டர். பைப், கம்பி, கான்கிரீட்னு பிடிச்சு ஏறி, கீழ மோட்டார் ரூம்ல ஆரம்பிச்சது மூணாவது மாடி பெட்ரூம் சுவத்துல வந்து கேக்கும். நீங்க சுவத்தை உடைக்க சொல்லுவீங்க, பிரச்சனை தரைக்கு அடில இருக்கிற தண்ணி தொட்டில, அதான் சம்புல, இருக்கும்.

இதை சும்மா சொல்லல. விடிகாலை நாலு மணிக்கு யாரோ முனகுற மாதிரி "ம்ம்ம்ம்"னு சுவத்துக்குள்ள கேக்குதுன்னு ஒரு அக்கா ரொம்ப பயந்து போயி சொன்னாங்க, வீட்ல விளக்கு வேற ஏத்தி வச்சிருந்தாங்க. நாலு மணின்ன உடனேயே எங்களுக்கு பாதி புரிஞ்சிருச்சு, அந்த தெருவுல மெட்ரோ வாட்டர் விடுற நேரம் அது. சம்பு முக்கால்வாசி ரொம்பினதும், பந்து மிதந்து தண்ணியை நிறுத்துற பால் வால்வ் பாதி மூடி பாதி தொறந்து நிக்கும், உள்ள வர்ற தண்ணி வேகத்துக்கு அது மேலயும் கீழயும் துடிக்கும், அந்த துடிப்பு பைப் வழியா வீடு பூரா முனகும். சம்பு மூடியை தூக்கி பந்தை கையால கீழ அமுக்கினோம், சத்தம் டக்குனு நின்னுச்சு. விட்டோம், மறுபடி முனக ஆரம்பிச்சுது. வாஷர் தேஞ்ச வால்வை மாத்தினதோட சரி, முனகல் போயே போச்சு.

மோட்டார் ஆஃப் ஆனதும் "டொம்"முனு ஒரு அடி விழுதா, அது என்ஆர்வி, தண்ணி திரும்பி வராம தடுக்குற ஒருவழி வால்வ். மேல ஏறிட்டிருந்த தண்ணி அப்படியே கீழ விழுந்து வால்வோட கதவை அறையுது. ஸ்பிரிங் வச்ச என்ஆர்வி போட்டா தண்ணி திரும்பறதுக்கு முன்னாடியே மூடிக்கும், சத்தம் பெரும்பாலும் அடங்கிரும். இதை சத்தம்தானேன்னு விடாதீங்க. பழைய இரும்பு பைப்ல விநாடிக்கு 1 மீட்டர் வேகத்துல ஓடுற தண்ணி சடார்னு நின்னா அந்த நொடில 12 பார் (பிரஷரை அளக்குற அளவு) கிட்ட பிரஷர் எகிறும், ஆனா 10 மீட்டர் உயரத்துல இருக்கிற டேங்க் சாதாரணமா குடுக்குறது 1 பார்தான். ஜாயிண்ட் எப்படி தாங்கும் சொல்லுங்க. பிவிசில இவ்ளோ வராது, ஆனா அதுலயும் ஒட்டு விட்டுப்போகும்.

அப்புறம் அப்பார்ட்மெண்ட் காரங்களோட கோலிகுண்டு பஞ்சாயத்து. மேல் வீட்டு பசங்க நடுராத்திரில கோலி உருட்டுறாங்கன்னு சண்டை போட்டு பேச்சுவார்த்தையே இல்லாம இருக்கிற வீடுங்க இருக்கு, மேல போய் பாத்தா ரெண்டு வயசானவங்க மட்டும் எட்டு மணிக்கே தூங்கிட்டு இருப்பாங்க. பல நேரம் அது எங்கயோ ஒரு வீட்ல குழாயை சட்டுனு மூடினதால ஆடுற பைப், இல்ல மொட்டைமாடி கான்கிரீட். வெயில்ல காஞ்ச 10 மீட்டர் தளம் 20 டிகிரி சூடு இறங்கினா 2 மில்லிமீட்டர் சுருங்கும், கொஞ்சம் கொஞ்சமா சுருங்காம பிடிச்சு வச்சு விடும், அப்போ "டக்"னு கேக்கும். பிவிசி பைப் கான்கிரீட்டை விட அஞ்சு மடங்குக்கு மேலயே நீளும், அதை கிளாம்ப் போட்டு இறுக்கி வச்சிருந்தா டிக் டிக்னு அடிச்சிட்டே இருக்கும், கிளாம்பை லேசா லூஸ் பண்ணா போதும். மேல் வீட்டுக்காரங்க கிட்ட சண்டைக்கு போறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு போன் போடுங்க, சமாதானம் பண்றதுக்கு நாங்க சார்ஜ் பண்றதில்ல.

ஃபேன்ல இரைச்சல்னா கரண்ட் போனப்ப மட்டுமா எப்பவுமான்னு பாருங்க. இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் "ர்ர்ர்"னு இரைஞ்சா ஃபேன்ல குத்தம் இல்ல, அது கரண்டை சீரான அலையா குடுக்காம கட்டம் கட்டமா குடுக்குற ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், மோட்டார் அப்படித்தான் கத்தும். ரெகுலேட்டரை ஃபுல்லா வச்சா நிக்குது, ரெண்டுல வச்சா வருதுன்னா அது ரெகுலேட்டரோட வேலை. ஆனா ஆடிக்கிட்டே டக் டக்னு வந்தா உடனே ஆஃப் பண்ணிருங்க, மேல கொக்கில மாட்டுற ரப்பர் புஷ் தேஞ்சிருக்கும், போல்ட் கழண்டு வராம பிடிக்கிற ஸ்பிளிட் பின் இல்லாமலே பல வீட்ல தொங்குது, பாக்கவே பயமா இருக்கும்.

ரெண்டு சத்தத்துக்கு மட்டும் நேரம் எல்லாம் குறிச்சிட்டு உக்காராதீங்க. சுவிட்ச் போர்டுல "ஸ்ஸ்ஸ்"னு பொரியுற சத்தமோ கருகுற வாடையோ வந்தா மெயினை ஆஃப் பண்ணிட்டு கூப்பிடுங்க, நடுராத்திரினாலும் வருவோம், கீஸர் மாட்டுற 16 ஆம்ப் பிளக்லதான் இது அதிகம், உள்ள ஒயர் லூஸா இருந்து தீப்பொறி அடிக்கும். சமையல்கட்டுல கேஸ் சீறினா எங்களை கூப்பிடவே வேணாம், ரெகுலேட்டரை மூடி ஜன்னலை தொறந்துட்டு, எந்த சுவிட்சையும் தொடாம வெளிய வந்து 1906க்கு அடிங்க.

எங்கயோ "பீப்"னு ஒரு தடவை, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவைன்னா பழைய கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸை பாருங்க. அந்த மாதிரி சின்ன கீச்சு சத்தம் எந்த பக்கம் இருந்து வருதுன்னு காதால பிரிக்கிறது கஷ்டம். அதை கரண்ட்ல மாட்டினபடியே மூலைல மறந்து விட்டிருப்பீங்க, பேட்டரி சாகும்போது கத்தும். எங்க அம்மா வீட்லயும் இதேதான்.

ஃபால்ஸ் சீலிங் மேல தடதடன்னு ஓடினா அது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல. எலின்னு நினைக்குறீங்க, மரம் இருக்கிற ஏரியாவா இருந்தா மரநாயாவும் இருக்கலாம், சென்னைல நிறையவே இருக்கு. அதை அடிக்கிறதோ விஷம் வைக்கிறதோ சட்டப்படி தப்பு, வனத்துறைக்கு சொல்லுங்க. அது போனதுக்கு அப்புறம் ஓட்டையை அடைச்சுத்தர நாங்க வர்றோம்.

சத்தம் வந்தா போன்ல ரெக்கார்ட் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பக்கத்துல மணி என்ன, அப்ப மோட்டார் ஓடுச்சா, தண்ணி வந்துச்சா, கரண்ட் இருந்துச்சான்னு ஒரு வரி எழுதுங்க, வாய்ஸ் நோட்னாலும் ஓகே. பாதிக்கு போன்லயே பதில் சொல்லிருவோம், அதுக்கு காசு இல்ல. நேர்ல வந்தா விசிட்டிங் சார்ஜ் 250, ராத்திரி பத்து மணிக்கு மேல 400, சத்தம் அன்னிக்கு வரலன்னா மறுநாள் வர்றதுக்கு தனியா வாங்க மாட்டோம். ராத்திரி வரும்போது ஒரே ஒரு உதவி, மொட்டைமாடி சாவி யார்கிட்ட இருக்குன்னு முன்னாடியே கேட்டு வாங்கி வச்சிருங்க, செக்ரெட்டரி தூங்கிட்டாருன்னு நம்ம பையன் படிக்கட்டுல உக்காந்துட்டு வர்றதுதான் இப்ப அதிகமா நடக்குது.

இப்படிக்கு,
உங்க தெருமுனை பிளம்பிங், எலக்ட்ரிக்கல் கடை