வெள்ளைக்கருவும் முந்திரி எண்ணெயும்

அன்புள்ள ராணி,

கடிதம் கிடைத்தது. வெள்ளைக்கருவும் முந்திரியும் சேர்த்து நீ செய்த தூத்துக்குடி மக்ரூன் தட்டையாகிப் போனதற்கு முட்டையைத் திட்டியிருக்கிறாய். எனக்குச் சந்தேகம் முந்திரிமேல்தான். மிக்சியை நிறுத்தாமல் ஓட்டினால் முந்திரி எண்ணெய் விட்டுவிடும். வெள்ளைக்கருவை அடிக்கும்போது காற்றுக் குமிழைச் சுற்றி அதன் புரதம் பின்னும் மெல்லிய தோல்தான் நுரை. அந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டால் நுரை படுத்துவிடும். மஞ்சள்கரு ஒரு சொட்டு விழுந்தாலும் இதே கதிதான். பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டாம், எவ்வளவு தேய்த்தாலும் பிசுக்குப் போகாது. எவர்சில்வரே நல்லது.

4 வெள்ளைக்கருவுக்கு (சுமார் 120 கிராம்) 200 கிராம் பொடித்த சர்க்கரை, 200 கிராம் முந்திரி. முந்திரியை நிறுத்தி நிறுத்தி அரைத்து, ரவைப் பதம் வந்ததும் விட்டுவிடு. முட்டை குளிர்ந்திருக்கும்போதே பிரித்துவிடு. அடிப்பதற்குமுன் அரைமணி வெளியே இருக்கட்டும். நுரை கட்டியதும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, அப்புறம் ஒவ்வொரு கரண்டியாகச் சர்க்கரை. முதலிலேயே கொட்டினால் நுரை எழும்ப நேரமாகும். தூக்கிப் பார்த்தால் நுனி நிமிர்ந்து நிற்கணும், பளபளக்கணும். பளபளப்புப் போய்ப் பஞ்சுப்பஞ்சாகப் பிரிந்து அடியில் தண்ணீர் நின்றால் அடித்தது அதிகம், புதிதாக ஆரம்பி. முந்திரியைக் கிண்டாதே, அடியிலிருந்து மேலே மடித்துக் கல. கூம்பாகப் பிழிந்து ஓவனில் 110 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், பிறகு ஓவனை நிறுத்தி உள்ளேயே ஆறவிடு. இது வேகவைப்பதைவிட உலர்த்துவதுதான்.

அவித்த முட்டை பிய்ந்து பிய்ந்து உரிவதாக எழுதியிருந்தாயே, அது முட்டை ரொம்பப் புதுசு என்பதால். இட்டவுடன் வெள்ளைக்கருவின் பிஎச் (அமில, காரத்தன்மையின் அளவு; 7க்கு மேலே போகப் போகக் காரம்) 7.6 அளவில் இருக்கும். ஓட்டின் நுண்துளைகள் வழியாகக் கரியமில வாயு வெளியேற வெளியேற, சில நாளில் அது 9ஐத் தாண்டும். அதுவரை வெந்த வெள்ளை உள்சவ்வோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். அவிக்க ஒரு வாரத்து முட்டை எடு, ஆஃப்பாயிலுக்குப் புதுசு. உடைக்கும்போது வெள்ளைக்கரு மங்கலாக இருந்தால் கொட்டிவிடாதே. அந்த வாயு இன்னும் போகவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளைக்கருவின் இந்தக் காரத்தன்மை உள்ளே வளரும் குஞ்சுக்கு ஒரு காவலும்கூட. வெள்ளைக்கருவில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர். மீதி பெரும்பாலும் புரதம், அதில்தான் எத்தனை காவல்காரர்கள்! பெனிசிலின் கண்ட பிளெமிங் 1922இல் விவரித்த லைசோசைம் என்ற புரதம் பாக்டீரியாவின் சுவரையே உடைக்கும். இன்னொன்று கிருமிக்கு வேண்டிய இரும்பைக் கட்டிப்போடும். அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற பி வைட்டமினைப் பிடித்துக்கொள்ளும், நாம் பச்சையாகக் குடித்தால் நம்முடையதையும். ஜிம்முக்குப் போகிற உன் மகனிடம் வேகவைத்தே சாப்பிடச் சொல். பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்ற கிருமியின் பயமும் இருக்கிறது.

அடுத்த முறை பிழியும்போது நுனி நிற்கிறதா, சாய்கிறதா என்று எழுது.

அன்புடன்,
உன் தோழி