சிறையிலிருந்து வருபவருக்கு வேலையோடு ஒரு துணையும் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை கணபதியில் ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்யும் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சிறையிலிருந்து வந்த இருவர் என்னிடம் வேலை செய்கிறார்கள். ஒருவர் தண்டனை முடிந்து வந்து பல வருடமாகிறது. இப்போது எங்கள் மூத்த டர்னர், அதாவது லேத் ஓட்டுபவர். இன்னொருவர் போன வருடம் ஜாமீனில் வந்த இளைஞர். வழக்கு இன்னும் நடக்கிறது. சிறைவாசிகளின் மறுவாழ்வு என்றாலே தொழிற்பயிற்சி, சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்கில் வேலை, கடன் உதவி என்று பேசுகிறோம். எல்லாம் தேவைதான். வேலை கிடைத்த மறுநாளிலிருந்து அந்த மனிதர் படும் பாட்டைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

இளைஞர் ஐ.டி.ஐ. படித்தவர். மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தால் அளவு பிசகாது. ஆனால் பட்டறைக்குள் யார் நுழைந்தாலும் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார். கழிவறைக்குப் போகவும் என்னிடம் அனுமதி கேட்பார். மற்றவர்கள் பேசிச் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று முகம் மாறிவிடும். வாய்தா தேதி நெருங்கினால் சாப்பாடு இறங்காது. இரவில் தூங்குவதே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. சரியாகத் தூங்காத ஒருவர் இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்தில் நிற்பது எவ்வளவு ஆபத்து என்று பட்டறைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மனநல டாக்டரைப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது, “எனக்கென்னங்க பைத்தியமா?” என்று கேட்டார். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. மூத்த டர்னர்தான் டீக்கடைக்கு அழைத்துப்போய்ப் பேசினார். “சாயங்காலம் ஆறு மணி ஆனா நெஞ்சு படபடன்னு அடிக்குதா தம்பி? அது லாக்கப் நேரம். எனக்கு ரெண்டு வருஷம் அடிச்சுது. விடியறதுக்கு முன்னாடி முழிப்பு வந்தா படுத்துக்கிட்டே யோசிக்காதே, எந்திரிச்சு ஒரு சுத்து நடந்துட்டு வா. நானும் மாத்திரை சாப்பிட்டவன்தான்.” அதே வாரம் இருவரும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனார்கள். இன்று அந்த இளைஞர் முழு ஷிப்ட் பார்க்கிறார். வாய்தாவுக்கு முந்தின நாள் மட்டும் மூத்தவர் பக்கத்து மெஷினில் நிற்பார்.

நான் எத்தனை அன்பாகச் சொல்லியிருந்தாலும் அந்த ஆறு மணியை என்னால் சொல்லியிருக்க முடியாது. உள்ளே இருந்தவருக்குத்தான் அது தெரியும். குடியை விட்டவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டங்கள் பல ஊர்களில் இப்படித்தான் நடக்கின்றன. அங்கே பேசுகிறவரும் ஒரு காலத்தில் குடித்தவர், அதனால்தான் எதிரில் இருப்பவர் காது கொடுக்கிறார். 1912 டிசம்பரில் வ.உ.சி. கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவரை எதிர்கொண்ட மிகச் சிலரில் ஒருவர் சுப்பிரமணிய சிவா, அதே காலத்தில் சிறைக்குப் போய்த் தொழுநோயோடு திரும்பியவர். வழக்கறிஞர் உரிமம் பறிபோன வ.உ.சி. பிறகு பிழைப்புக்கு எவ்வளவு அல்லாடினார் என்பதை நாம் அறிவோம். நாடே போற்றும் மனிதருக்கே அந்த நிலை என்றால், பெயர் கெட்டுப்போய் வருகிற சாதாரண ஆளை யோசித்துப் பாருங்கள்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 103-ஆவது பிரிவில், மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மனநல சிகிச்சைக்கான நிலையம் வேண்டும் என்கிறது. 2022-இலிருந்து டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம். நல்ல ஏற்பாடுகள். ஆனால் சிறைவாசலைத் தாண்டி வருபவரின் கையைப் பிடித்து மருத்துவமனைவரை கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். 2022-ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் உத்தரவு வந்ததும் அவர்கள் சட்டென்று வெளியே வந்துவிடுகிறார்கள். அந்த ஆள் முக்கியமாக அவர்களுக்குத்தான் வேண்டும்.

ஆகவே சிறைத்துறைக்கு என் வேண்டுகோள் இது. வெளியே வந்து சில வருடங்களாக ஒரே வேலையில் நிலைத்து, வம்புதும்பு இல்லாமல் இருப்பவர்களை நன்னடத்தை அலுவலர்கள் மூலம் தேர்ந்தெடுங்கள். பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுங்கள். வெளியே வரும் ஒவ்வொருவருக்கும் முதல் சில மாதங்கள் அவர்களில் ஒருவரைத் துணையாக்குங்கள். முடிந்தால் சிறைக்குள் இருக்கும்போதே அறிமுகம் நடக்கட்டும். சிறைக்குள்ளேயே கைதிகளுக்குப் பயிற்சி கொடுத்துச் சட்டத் தன்னார்வலர்களாக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, இது அதற்கு அடுத்த படிதான். இரண்டு பழைய கைதிகளைச் சேர்த்துவிட்டால் கெட்ட சகவாசமாகாதா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அப்படி ஆகாது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. துணை நிற்பவருக்கும் பாரம் உண்டு. பழையதெல்லாம் கிளறப்பட்டு எங்கள் டர்னரே சில நாள் யாரிடமும் பேசாமல் இறுகிப்போனார். அவர்கள் மனதை இறக்கி வைக்க மாவட்ட மனநலத் திட்டத்தில் ஓர் உளவியலாளரை ஒதுக்க வேண்டும்.

கொடிசியா போன்ற தொழில் அமைப்புகளும் இதில் கை கொடுக்கலாம். வாய்தாவுக்கும் மருத்துவமனைக்கும் சம்பளம் பிடிக்காமல் விடுப்பு கொடுப்பது எங்கள் அளவில் செய்யக்கூடியதுதான். என் பங்குக்கு, வாரத்தில் அரை நாள் சம்பளத்தோடு எங்கள் டர்னரை இந்த வேலைக்கு அனுப்பத் தயாராக இருக்கிறேன். அவருக்கும் சம்மதம். எந்த அலுவலகத்துக்கு, யாரிடம் அனுப்புவது என்று துறை சொன்னால் போதும்.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோவை