நசுங்கிய குடமும் லோயர் தேர்வும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேச்சு கொஞ்சம் சூடானது. வந்தவர்களுக்கு நினைவிருக்கும். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த முறை நம் பள்ளியிலிருந்து லோயர் என்கிற அரசு ஓவியத் தேர்வை எழுதிய 14 பேரில் 6 பேர்தான் தேறினார்கள். பக்கத்து ஊரில் தனியாக ஓவிய வகுப்புக்குப் போன பிள்ளைகள் ஒருவர் விடாமல் தேறிவிட்டார்கள். "டிராயிங் சார் பிள்ளைகளை வேப்பமரத்தடியில உக்கார வெச்சு எதையோ கிறுக்கச் சொல்றாரு, பரீட்சைக்கு வர்றதைச் சொல்லித் தர்றதில்ல" என்று ஒரு தாய் எழுந்து கேட்டார். ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் மூவர் வேறொரு மனு கொடுத்தார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இல்லாத பாடத்துக்கு எதற்கு வாரம் இரண்டு பீரியட், அதைக் கணக்குக்குக் கொடுத்துவிடலாமே என்று.

ஒருவர் ஓவியத்தைத் தேர்வுக்காக நடத்தச் சொல்கிறார். மற்றவர் தேர்வில் இல்லாததால் எடுத்துவிடச் சொல்கிறார். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வரும் பேச்சுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று அன்றைக்கு முடித்துவிட்டேன். யோசித்ததை இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வாக்குமூலம். தலைமையாசிரியர் ஆவதற்கு முன் 22 வருடம் நான் கணக்கு டீச்சர். டிராயிங் பீரியடைக் கடன் வாங்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. "சார், இன்னிக்கு மட்டும் குடுங்க, நாளைக்கு டெஸ்ட்" என்பேன். அவரும் கலர் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடுவார். வாங்கிய பீரியடை ஒருநாளும் திருப்பிக் கொடுத்ததில்லை. அதனால் மனு கொடுத்த மூவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பத்து வருடத்துக்கு முன் என்றால் அந்த மனுவை நானே எழுதிக் கொடுத்திருப்பேன்.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு எவர்சில்வர் குடம்.

நம் ஓவிய ஆசிரியர் பகுதிநேர ஆசிரியர் என்பது உங்களுக்குத் தெரியும். 2012-ல் தமிழ்நாடு முழுக்க ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி என்று 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில், வாரம் மூன்று அரைநாள் வேலைக்கு எடுத்தார்களே, அந்தத் தொகுப்பில் வந்தவர். ஒரு வியாழக்கிழமை அவர் விடுப்பு. எட்டாம் வகுப்புக்கு நான் போனேன். எனக்கு வரையத் தெரியாது. சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு குடத்தை வாங்கி வரச் சொல்லி, கரும்பலகைக்கு முன்னால் தரையில் வைத்து, "இதைப் பார்த்து வரைங்க" என்றேன். முன்வரிசைப் பிள்ளைகள் தரையில், மற்றவர்கள் பெஞ்சில். அந்த அறையில் ஜன்னல் வலது கைப்பக்கம் மட்டும்தான். குடத்தின் வயிற்றில் ஒரு கைப்பிடி அளவுக்கு நசுங்கல். கழுத்தில் பள்ளியின் பெயர் வெட்டியிருக்கும்.

31 தாள் வந்தது. கணக்குக்காரி என்பதால் என் கண் முதலில் குடத்தின் வாய்க்குத்தான் போனது. வட்டமான வாயைச் சாய்வாகப் பார்த்தால் நீள்வட்டமாகத் தெரியும். கிட்ட உட்கார்ந்து மேலிருந்து பார்ப்பவருக்கு அது அகலமாகத் திறந்திருக்கும். தள்ளிப் போகப் போக ஒடுங்கும். ஆனால் ஒன்பது தாள்களில் வாய் ஒரே அளவு, ஒரே ஒடுக்கம், அச்சு வைத்து வெட்டினது மாதிரி. அந்த ஒன்பது பேரில் இருவர் தரையில் குடத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தவர்கள், ஒருவன் கடைசி பெஞ்சு. ஒன்பது பேருமே அந்த ஓவிய வகுப்புக்குப் போகிறவர்கள். இன்னொன்றும் கவனித்தேன். வெளிச்சம் வலப்பக்கத்து ஜன்னலிலிருந்து விழுகிறது, குடத்தின் இடப்பக்கம்தான் இருட்டு. ஒன்பதிலும் ஷேடு வலப்பக்கம். நசுங்கல் ஒன்றில்கூட இல்லை.

அதில் நன்றாக வரைந்திருந்த ஒரு பையனைக் கூப்பிட்டேன்.

"குடத்துல அந்த நசுங்கல் எங்கடா?"

"நசுங்கல் போட்டா மார்க் போயிரும் டீச்சர்."

"ஜன்னல் இந்தப் பக்கம்தானே இருக்கு?"

"ஷேடு எப்பவும் ரைட்லதான் போடணும்னு சொல்லியிருக்காங்க டீச்சர்."

அவன் வரைந்தது அழகான குடம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். ஆனால் என் முன்னால் தரையில் இருந்த குடம் அது இல்லை. அதை அவன் இரண்டு தடவைக்கு மேல் ஏறிட்டுப் பார்த்திருப்பானா என்பதே சந்தேகம். மனப்பாடம் செய்த குடத்தை ஒப்பித்திருந்தான், அவ்வளவுதான்.

எந்த வகுப்புக்கும் போகாத ஒரு பெண் பிள்ளையின் தாள் அதற்கு அடியில் இருந்தது. கோடு கோணல், குடம் ஒரு பக்கம் சாய்ந்து விழுவதுபோல இருந்தது. ஆனால் நசுங்கல் இருந்தது. நசுங்கலின் விளிம்பில் மின்னும் ஒரு சின்ன வெளிச்சத்தைக்கூட அழிரப்பரால் எடுத்திருந்தாள். கழுத்தில் எழுத்துகளும் இருந்தன, அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்த அளவுக்கு மட்டும்: "சு உயர்நி". அதற்கு மேல் குடம் வளைந்து திரும்பிவிடுகிறது.

மறுவாரம் ஓவிய ஆசிரியரிடம் இரண்டையும் காட்டி, லோயரில் யார் தேறுவார் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: "பையன்."

அவர் சொன்ன காரணம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. தேர்வுத் தாளைத் திருத்துகிறவர் முன்னால் தாள் மட்டும்தான் இருக்கிறது. குடம் இல்லை. ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது, பிள்ளை தரையில் உட்கார்ந்ததா பெஞ்சிலா, எதுவும் அவருக்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை. ஆகவே தாளில் தெரிவதைத்தான் அவர் பார்க்க முடியும்: இடதும் வலதும் ஒத்திருக்கிறதா, கோடு சுத்தமா, ஷேடு சீராக இறங்குகிறதா. அவர் மேல் தப்பில்லை. ஆனால் அதைப் புரிந்துகொண்டு பயிற்சி கொடுக்கும் இடம் என்ன செய்யும்? மார்க்குக்கு வராத ஒரே பொருளை, அதாவது குடத்தை, பயிற்சியிலிருந்து எடுத்துவிடும். குடம் இல்லாமலே குடம் வரையப் பழக்கும். ஒருவர் விடாமல் தேறுவது அப்படித்தான்.

லோயர் தேர்வையே நான் மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வு அது. ஓவிய ஆசிரியர் வேலைக்குப் போகிறவரிடம் லோயர், அதற்கு அடுத்த படியான ஹையர் சான்றிதழ் கேட்பார்கள். அச்சிட்ட வடிவத்தைப் பெரிதாக்கி வரையும் ஃப்ரீஹேண்ட் அவுட்லைனில் கை படியும். பொருளை முன்னால் வைத்து வரையும் மாடல் டிராயிங்கில் அளவு பிடிபடும். அது எந்தக் காலத்து ஏற்பாடு என்பதையும் தெரிந்துகொண்டால் நல்லது. சென்னையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருப்பது, 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் தொடங்கிய பள்ளி. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஓவியம் என்பது தொழிற்சாலைக்கு வடிவம் போடுகிற கைகளைத் தயார் செய்யும் படிப்பு. முதலில் கோட்டுருவை நகலெடு, பிறகு நிழலிடு, பிறகு மாதிரிப் பொருளை வரை என்று படிப்படியாகப் போகும் அந்த முறை லண்டன் சவுத் கென்சிங்டனில் இருந்த கலைப் பள்ளியிலிருந்து இந்தியக் கலைப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. நம் தேர்வின் பெயர்களிலேயே அந்த வாசனை இன்னும் இருக்கிறது. தொழிலுக்குப் போகிறவருக்கு வைத்த பயிற்சியை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஓவியம் என்றே கொடுக்கும்போதுதான் இடிக்கிறது.

போட்டிகளிலும் இதுதான் நடக்கிறது. நம் மாணவன் ஒருவன் ஒரு படம் நன்றாகப் போடுவான்: இரண்டு கை, நடுவில் பூமி உருண்டை, மேலே ஒரு செடி. தலைப்பு "மரம் வளர்ப்போம்" என்றால் அப்படியே விடுவான். "நீரைச் சேமிப்போம்" என்றால் செடிக்குப் பதில் ஒரு சொட்டு. "சாலைப் பாதுகாப்பு" என்று கொடுத்தபோது உருண்டைக்கு ஹெல்மெட் மாட்டினான். சிரிக்காதீர்கள், அதற்குப் பரிசு கிடைத்தது. மேடையில் நானும் கை தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சங்கடமாக இருந்தது. தினம் டிவிஎஸ் எக்ஸெல்லில் அப்பாவுக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து வருகிற பையன் அவன். சாலையைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அந்தப் படத்தில் ஒன்றுமே இல்லை.

போன டிசம்பரில் சித்தன்னவாசல் போனோமே, அதையும் சொல்ல வேண்டும். நம் புதுக்கோட்டைப் பிள்ளை எதைக் கேட்டாலும் "சித்தன்னவாசல், சமணர் ஓவியம், 9-ம் நூற்றாண்டு" என்று மூச்சு விடாமல் சொல்லும். கூட்டிப் போன 41 பேரில் அதற்கு முன் அங்கே போனவர்கள் ஐந்து பேர். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான்.

அங்கே பாறையைக் குடைந்து செய்த சமணக் கோயிலான அறிவர் கோயிலின் மண்டபத்துக் கூரையில் தாமரைக் குளம் வரைந்திருக்கிறது. இலைகளுக்கு நடுவே மீன், பறவை, பூப்பறிக்கும் ஆட்கள். நிறைய இடத்தில் நிறம் உதிர்ந்துவிட்டது. அண்ணாந்து பார்த்துப் பழக ஐந்து நிமிடம் ஆகிறது. வெளியே வந்து பாறை நிழலில் உட்கார்ந்து, பார்த்ததை நினைவிலிருந்து வரையச் சொன்னார் ஓவிய ஆசிரியர். சண்டை வந்துவிட்டது. குளத்தில் நிற்பது யானை என்று ஒரு கட்சி, எருமை என்று ஒரு கட்சி. சார் பதில் சொல்லவில்லை. "போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். ஏழு பேர் திரும்ப ஏறிப் போனார்கள். யானையும் உண்டு, எருமையும் உண்டு என்று கண்டுபிடித்து வந்தார்கள். எருமைக்குக் கொம்பு எப்படி வளைகிறது என்பதில் அடுத்த சண்டை. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்த மண்டபத்தைப் புதுப்பித்ததாக அங்கே கல்வெட்டு இருக்கிறது. அது துறவியைக் குறிக்கும் ஆசிரியன்தான், பள்ளிக்கூட ஆசிரியர் இல்லை. இருந்தாலும் அந்தப் பிள்ளைகள் இரண்டாவது தடவை ஏறிப் போனதைப் பார்க்க அவர் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

கணக்குக்கு பீரியட் கேட்டவர்களுக்கு: ஓவியம் வரைந்தால் மூளை வளரும், கணக்கில் மார்க் கூடும் என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தலாம். சொல்ல மாட்டேன். அதுவும் தேர்வின் பெயரைச் சொல்லி ஓவியத்தை விற்பதுதானே. கணக்கில் பின்தங்கியவர்களுக்கு மாலை 4.15-க்கு மேல் நானே வகுப்பு எடுக்கிறேன், செவ்வாயும் வெள்ளியும். டிராயிங் பீரியட் கிடைக்காது.

லோயர் எழுத விரும்பும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலையில் தனியாகப் பயிற்சி உண்டு. அதில் தேர்வுக்கு என்ன வேண்டுமோ அதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லித் தருவோம். ஷேடு எந்தப் பக்கம் போட்டால் மார்க் என்பது உட்பட. வாரத்தின் இரண்டு பீரியடில் அந்தப் பேச்சு வராது. பதிவேட்டில் கலைக்கல்விக்கு கிரேடு போட்டாக வேண்டும், போடுவோம். பிள்ளையின் டிராயிங் நோட்டில் மார்க்கோ ஸ்டாரோ இருக்காது. தேதி இருக்கும், சார் எதைக் கவனித்தார் என்று ஒரு வரி இருக்கும். "எத்தனை மார்க்?" என்று கேட்டுப் பழகியவர்களுக்கு முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

நோட்டில் கலரே இல்லையே என்று ஓர் அப்பா கேட்டிருந்தார். நம் பக்கம் துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்தவர் ஓவியர் ஆதிமூலம். கறுப்புக் கோடுகளாலேயே அவர் வரைந்த காந்தி படங்களை உங்களில் சிலர் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். 48 கலர் பெட்டி வாங்க வேண்டாம். 2பி பென்சில் இரண்டு, கோடு போடாத நோட்டு ஒன்று, போதும். படிப்படியாக மயில் வரையும் புத்தகமும் வேண்டாம். இன்னொன்று, வீட்டுப்பாடப் படங்களில் சிலவற்றில் அப்பாவின் கை நன்றாகத் தெரிகிறது. அம்மாவின் கையும். உங்களுக்கு வரைய ஆசை இருந்தால் தனி நோட்டு போடுங்கள், சார் அதையும் பார்த்து ஒரு வரி எழுதித் தருவார், கேட்டுவிட்டேன்.

அடுத்த வியாழன் முதல் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் பொருள்களை நேரில் பார்த்து வரையப் போகின்றன. வீட்டில் பரணில் கிடக்கும் பழைய சாமான் எதுவானாலும் கொடுத்து அனுப்புங்கள். அரிக்கேன் விளக்கு, சொளகு, பித்தளைச் செம்பு, அறுந்த செருப்பு, ஓடாத கடிகாரம், எதுவும் சரி. பெயர் எழுதி ஒட்டுங்கள், பத்திரமாகத் திரும்ப வரும். துலக்கிப் பளபளப்பாக்க வேண்டாம், அப்படியே வரட்டும்.

குடம் மட்டும் அவசரம். இப்போது வகுப்பில் இருப்பது சத்துணவுக் கூடத்துக் குடம். சமையலர் அக்கா இரண்டு வாரமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். யார் வீட்டிலாவது நசுங்கின குடம் ஒன்று சும்மா கிடந்தால், திங்கட்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்